பழவேற்காட்டில் ஒரு திறந்த கதவு

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் நானும் என் இல்லாளும் நெதர்லாந்து நாட்டில் உள்ள எங்கள் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவர்கள் வசிப்பது லெய்டன் என்னும் பழைய நகரத்தில். 1575-இல் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகமும், தெருவுக்குத் தெரு குறுக்கிடும் கால்வாய்களும், சாய்ந்த கூரைகொண்ட செங்கல் வீடுகளும் உடைய ஊர் அது. அங்கே பயின்றுவரும் எங்கள் பேத்தி, வழிகாட்டியுடன் ஒரு நாள் முழுதும் நகரைச் சுற்றிப் பார்க்கும் குழு ஒன்றில் எங்களைச் சேர்த்துவிட்டாள். வழிகாட்டி, சிவப்புக் குடை பிடித்த ஒரு மூதாட்டி. குடை போன வழியே நாங்களும் போனோம்.

அன்று கண்டதையெல்லாம் எழுதி உங்கள் பொழுதைக் கவரப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். புனித பேதுருவின் பெயரால் அமைந்த பெரிய தேவாலயத்துக்குள் நுழைந்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. தரை முழுவதும் கல்லறைக் கற்கள். பெயரும் ஆண்டும் குலச்சின்னமும் பொறித்த அந்தக் கற்களின்மீது மக்கள் இயல்பாக நடந்துகொண்டிருந்தார்கள். இறந்தவர் பெயரை மிதிக்க மனம் வராமல் நான் தூண் ஓரமாக ஒதுங்கினேன். குடை பிடித்த அம்மையார் அதைக் கவனித்து, எந்த ஊர் என்று வினவினார். சென்னைக்கு அருகே திருவள்ளூர் என்றாள் பேத்தி.

அம்மையாரின் முகம் மலர்ந்தது. “பாலியகாட்டா உங்கள் பக்கம்தானே?” என்றார். அப்படி ஓர் ஊர் எங்கள் பக்கம் இல்லை என்று நான் உறுதியாகத் தலையசைத்தேன். பேத்தி என் காதருகே குனிந்து, “தாத்தா, பழவேற்காட்டைத்தான் சொல்கிறார்” என்றாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் கணக்குப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மின்சார ரயில் பொன்னேரி நிலையத்தில் நிற்கும்போதெல்லாம், பழவேற்காட்டுக்குச் செல்லும் மீன்கூடைகளும் பேருந்துக்கு ஓடும் மனிதர்களும் கண்ணில் படுவார்கள். ஒரு நாளும் நான் இறங்கியதில்லை. ஏழு கடல் தாண்டி வந்து, என் மாவட்டத்து ஊரைப் பற்றி ஓர் அயல்நாட்டு மூதாட்டி சொல்ல, நான் கேட்டுக்கொண்டு நின்றேன். தங்கள் முன்னோர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்காலம் கோட்டை கட்டி வாழ்ந்த ஊர் அது என்றும், அங்கே இருந்த ஒரு போதகர் நம் சமயத்தைப் பற்றி எழுதிய நூல் 1651-இல் இதே லெய்டனில் அச்சாயிற்று என்றும் அவர் கூறினார். எனக்கு நாணமாக இருந்தது.

மார்கழியில் பேத்தி விடுமுறைக்கு வந்தாள். எங்கள் தெருவில் திருப்பாவை சேவிக்கும் குழு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மார்கழியில் ஒரு நாள் சிற்றுந்து அமர்த்திக்கொண்டு ஒரு பக்கமாகத் திருத்தல தரிசனம் சென்று வருவது வழக்கம். இவ்வாண்டு பொன்னேரியும் பழவேற்காடும் போகலாம் என்று நான் சொன்னபோது எவரும் மறுக்கவில்லை. “பழவேற்காட்டில் என்ன இருக்கிறது, மீன்தானே?” என்று ஒருவர் மட்டும் கேட்டார். பேத்தியும் வருகிறேன் என்றாள். எனக்கு மகிழ்ச்சிதான், அடிமனத்தில் ஒரு கலக்கமும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் கோயிலுக்குள் வருவதில்லை. வாயில் வரை வருவாள். செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வெளியிலேயே நின்றுகொள்வாள். நாத்திகம் பேசுபவள் அல்லள். வம்பும் செய்வதில்லை. ஒரு முறை காரணம் கேட்டேன். “உள்ளே எல்லாரும் எதையோ செய்கிறீர்கள் தாத்தா. எனக்கு மட்டும் எதுவும் தெரியாது. தெரியாமல் கும்பிடுவது பொய் சொல்வதுபோல் இருக்கிறது” என்றாள்.

அதற்கு நான் காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஓர் அமாவாசையன்று வீரராகவப் பெருமாள் சந்நிதிக்கு அழைத்துச் சென்றேன். ஹிருத்தாபநாசினித் தீர்த்தத்தில் மக்கள் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். “தாத்தா, குளத்தில் ஏன் வெல்லம் போடுகிறார்கள்?” என்றாள். உள்ளே சென்றால், “பெருமாள் ஏன் படுத்திருக்கிறார்? அவருக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள். கூட்டம் நெருக்கியது, எனக்குப் பொறுமை இல்லை. “சுவாமி விஷயத்தில் கேள்வி கேட்கக் கூடாது. கண்ணை மூடிக் கும்பிடு” என்று அதட்டினேன். இரண்டு கேள்விகளுக்கும் விடை எனக்குத் தெரியும். அதன்பின் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் பவானி அம்மனை வண்டியிலிருந்தே வணங்கிவிட்டு, பொன்னேரியை அடைந்தபோது காலை எட்டு மணி. ஆரணி ஆற்றங்கரையில் அகத்தீசுவரரையும், திருஆயர்பாடியில் கரிகிருஷ்ணப் பெருமாளையும் சேவித்தோம். சித்திரைத் திருவிழாவில் இவ்விருவரும் வீதியில் எதிரெதிரே எழுந்தருளிச் சந்திக்கும் ஹரிஹர சந்திப்பு இந்த வட்டாரத்தில் புகழ்பெற்றது. அந்தக் கூட்டத்தில் ஒரு முறை நின்றவர்கள் சைவ வைணவ வழக்குப் பேசமாட்டார்கள். திருப்பாலைவனத்தில் பாலீசுவரரையும் தரிசித்துக்கொண்டு பழவேற்காட்டுச் சாலையில் ஏறினோம். எல்லா இடத்திலும் பேத்தி செருப்புகளைப் பார்த்துக்கொண்டாள்.

பழவேற்காடு நெருங்க நெருங்கக் காற்றில் உப்பு ஏறுகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நம் நாட்டில் பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாள்களில் இந்தக் கரையில் கூட்டம் கூடுமாம். நாங்கள் போன அன்று கூடியிருந்தவை பூநாரைகள். தொலைவில், யாரோ வெண்பட்டை உலர்த்தியதுபோல் ஒரு நீளக் கோடு. ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதும் அந்தக் கோடு எழுந்து பறந்தது. சிறகின் அடிப்புறம் செவ்வண்ணம்.

அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். குடை இல்லை, கழுத்தில் ஒரு துண்டு. பெரியவர்களை ஐயா, அம்மா என்றழைத்துப் பணிவாகப் பேசினார். பயணத் திட்டத்தை அவர் சொன்னதும் எங்களுக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டம், பிறகு கோட்டை மேடு, பிறகு பெருமாள் கோயில் என்று அவர் வரிசை வைத்திருந்தார். ஊரின் அமைப்புக்கு அதுதான் வசதியாம்.

“கல்லறைக்குப் போய்விட்டுக் கோயிலுக்கா?” என்று நாலைந்து குரல்கள் ஒருசேர எழுந்தன.

அவர் மறுபேச்சில்லாமல் வரிசையைத் தலைகீழாக மாற்றினார். முதலில் கோயில், கடைசியாகக் கல்லறை. விரும்பாதவர்கள் வண்டியிலேயே இருக்கலாம் என்று முடிவாயிற்று.

ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புரைக் கல்லால் எழுந்தது. நம் பக்கத்துக் கோயில்களின் கருங்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தச் சிவந்த, சிறு துளைகள் நிறைந்த கல் புதுமையாக இருக்கும். விஜயநகர காலத்துத் திருப்பணி. நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்த கோயில். இங்கே இராம காதையைச் சிற்பி உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்றுருவங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறான். வில்லைக் காட்டி இவர் இராமர் என்று இளைஞர் சொல்வதற்குள், எங்கள் குழுவினர் வரிசையாகக் கதையையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எண்பத்திரண்டு வயதான, நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்றழைக்கும் அம்மையார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் உருவையும் அடையாளம் சொன்னார். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பேத்தி வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட நா எழுந்தது; கூப்பிடவில்லை.

அங்கிருந்து கோட்டை மேடு. கோட்டை என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். சீமைக் கருவேல முள் மண்டிய ஒரு மேடும், அதைச் சுற்றிய அகழியில் பச்சை நீரும், தொல்லியல் துறையின் பலகையும்தான் மிச்சம். எனினும் அந்த மேட்டருகே நின்று இளைஞர் சொன்ன வரலாறு எங்களை வெயிலை மறக்கச் செய்தது. டச்சுக்காரருக்கு முன்பே போர்த்துகீசியர் வந்து மாதா கோயில் எழுப்பியிருந்தனர். சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி தேவராயர் 1610-இல் டச்சுக்காரர் இங்கே வாணிகம் செய்ய இசைவளித்தார். 1613-இல் கோட்டை எழுந்தது. தங்கள் நாட்டு மாநிலம் ஒன்றின் பெயரையொட்டி அதற்கு கெல்டிரியா என்று பெயரிட்டார்கள். சோழ மண்டலக் கரை முழுவதற்கும் அதுவே அவர்களின் தலைமையிடம். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. இறுதியில் 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

இங்கிருந்து ஏற்றுமதியான துணியின் நினைவு இன்றும் இருக்கிறது. மலேசியத் தமிழ் வீடுகளில் வழங்கும் ‘பளையகாட்டுக் கைலி’ என்ற பெயரும், மலாய் மக்கள் ‘பெலிக்காட்’ என்று சொல்லும் பெயரும் இந்த ஊரின் பெயரே. அந்தத் துணியைக் கொடுத்து அவர்கள் கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். இன்னொரு செய்தி எங்கள் குழுவுக்கு மிகவும் பிடித்திருந்தது. டச்சுக்காரர் இந்தக் கரையில் பொன் வராகன் அடித்தார்கள். நின்ற திருக்கோலத்தில் பெருமாளின் உருவத்தைப் பொறித்தார்கள். பெருமாள் இல்லாத பொன்னை இந்தப் பக்கத்து வணிகர்கள் கைநீட்டி வாங்க மாட்டார்களே! இளைஞர் தம் கைபேசியில் அந்த நாணயத்தின் படத்தைக் காட்டினார். பெரியம்மா அந்தக் கைபேசியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இவற்றோடு அவர் இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார். இதே கரையிலிருந்து நம் மக்களை அடிமைகளாக வாங்கி, கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பஞ்ச காலங்களில் பசி தாங்காமல் பெற்ற பிள்ளைகளையே விற்றவர்கள் உண்டு. எங்கள் கூட்டத்தில் பேச்சு அடங்கியது. பழைய நகரம், வெளிநாட்டுக் கட்டடம் என்று வியந்து பார்க்கப் போகிறவர்கள் இதையும் கேட்டுக்கொண்டுதான் திரும்ப வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏரிக்கரை மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளியோதரையும் தயிர்சாதமும் மாவடுவும். காற்றில் வந்த மீன் வாடையைப் பற்றி இருவர் முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் சாப்பிட்டார்கள். அப்போதுதான் பேத்தி, தன் அரைகுறைத் தமிழில், லெய்டன் மூதாட்டி சொன்ன அந்த நூலைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நாங்கள் ஊர் திரும்பியபின் அவள் நூலகத்தில் அதைத் தேடிப் பார்த்திருக்கிறாள்.

ஆபிரகாம் ரோஜேரியஸ் என்பது அந்தப் போதகரின் பெயர். 1632 முதல் 1642 வரை பத்தாண்டுகள் பழவேற்காட்டில் இருந்திருக்கிறார். இங்கே பத்மநாபர் என்னும் அந்தணர் ஒருவரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி போர்த்துகீசியம். போதகர் கேட்பார்; பத்மநாபர் சொல்வார். அந்தணர் எப்போது எழுகிறார்கள், எப்படி நீராடுகிறார்கள், திருமணம் எப்படி, ஈமக்கடன் எப்படி, எந்தத் தெய்வத்தை ஏன் வணங்குகிறார்கள், வைணவரும் சைவரும் ஸ்மார்த்தரும் எதில் வேறுபடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். போதகர் தாய்நாடு திரும்பி, நூல் அச்சேறும் முன்பே 1649-இல் காலமானார். அவர் மறைவுக்குப் பிறகுதான் நூல் வெளிவந்தது. ஜெர்மன் மொழிக்கும் பிரெஞ்சு மொழிக்கும் பெயர்ந்து ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது.

அதன் இறுதியில் ஒரு புதையல் இருக்கிறது. பர்த்ருஹரியின் நீதி சதகத்தையும் வைராக்கிய சதகத்தையும் பத்மநாபர் பொருள் சொல்ல, போதகர் டச்சு மொழியில் எழுதியிருக்கிறார். சிருங்கார சதகம் அதில் இல்லை. வடமொழி நூல் ஒன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதல் முறை. காசியில் அன்று, கல்கத்தாவில் அன்று, மீன்வாடை வீசும் இந்தப் பழவேற்காட்டில்!

அரசைத் துறந்து காடேகிய பர்த்ருஹரியையும், பட்டினத்தாரின் சீடரான நம் பத்திரகிரியாரையும் ஒருவராகவே கருதும் மரபு நம்மிடையே உண்டு. பட்டினத்தாரின் சமாதி இதே கடற்கரையில், தெற்கே திருவொற்றியூரில் இருக்கிறது. ஒரே கரையில் எத்தனை தொடர்புகள்!

“அந்தப் புத்தகத்தின் பெயர் என்ன அம்மா?” என்று பெரியம்மா கேட்டார்.

“மறைந்து கிடக்கும் அஞ்ஞான சமயத்துக்குத் திறந்த கதவு” என்று பேத்தி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

அஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அந்தச் சொல்லைவிட, அதை அடுத்து வந்த கதவுதான் என் நெஞ்சில் தைத்தது. நம்மை அஞ்ஞானி என்று கருதிய ஓர் அயலாருக்கு, வேறொரு மொழியில், பல ஆண்டுகள் சலிக்காமல் விடை சொல்லியிருக்கிறார் பத்மநாபர். என் சொந்தப் பேத்திக்கு ஒரு நாள், ஒரு குளக்கரையில், இரண்டே இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல எனக்கு முடியவில்லை. தயிர்சாதம் தொண்டையில் இறங்க மறுத்தது. மாவடு காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

கடைசியாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தோம். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பேத்தி முதல் ஆளாக உள்ளே நுழைந்தாள். பத்தடி சென்றவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. பாதிப்பேர் வண்டியை விட்டே இறங்கவில்லை. இறங்கியவர்கள் வாயிலில் நின்றுவிட்டோம்.

“தாத்தா, வரவில்லையா?”

நான் வாயிலில், செருப்புகளைப் பார்த்துக்கொள்பவன்போல் நின்றேன். மார்கழி மாதம், தரிசனம் செய்து வந்த உடம்பு, உள்ளே கல்லறைகள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளும் மறுமுறை அழைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக அவள் வெளியிலும் நான் உள்ளேயும் நின்ற நிற்பு இடம் மாறியிருந்தது.

அப்போது பெரியம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி வந்தார். வாயிலில் நின்ற எலும்புருவங்களை ஏற இறங்கப் பார்த்தார். “இதைப் பார்த்தா எல்லாரும் பயந்து நிற்கிறீர்கள்? நம் காரைக்கால் அம்மையார் மாதிரி இருக்கிறதே!” என்றார்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் திருவாலங்காடு இருக்கிறது. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் இரத்தின சபை அது. அங்கே அவன் ஆடுவது சுடுகாட்டில். அழகு நிறைந்த உடலை உதறி, எலும்பும் தோலுமான பேயுருவை வேண்டிப் பெற்று, அந்த ஆட்டத்தின் கீழ் அமர்ந்து பாடியவர் காரைக்கால் அம்மையார். ஆண்டுதோறும் திருவாலங்காடு சென்று அந்த எலும்புருவத்தைக் கைகூப்பி வணங்குகிறவர்கள்தாம் நாங்கள். இந்த நினைவு எங்களில் எவருக்கும் வரவில்லை. பெரியம்மாவுக்கு வந்தது.

“வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தால் ஆயிற்று. குழந்தை தனியாக நிற்கிறாள்” என்று சொல்லி அவர் உள்ளே நடந்தார். நான் பின்னால் சென்றேன். பிறகு மேலும் ஆறேழு பேர்.

உள்ளே கூம்பிய கல்தூண்களும் மாடம் வைத்த மண்டபங்களும் ஓங்கி நிற்கின்றன. தரையில் கிடக்கும் கற்களைக் கண்டதும் எனக்கு லெய்டன் தேவாலயம் கண்முன் வந்தது. அதே புடைப்பு எழுத்து, அதே குலச்சின்னம், ஓரத்தில் அதே பூங்கொடி. ஊர் மட்டும் வேறு. அங்கே மழைக்கு ஒதுங்கிய கற்கள், இங்கே நம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பேத்தி ஒவ்வொரு கல்லாகக் குனிந்து, பழைய டச்சு எழுத்தைக் கூட்டி வாசித்து, எங்களுக்குத் தமிழில் சொன்னாள். இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் இன்னார். இன்ன பதவியில் இருந்தார். இன்ன ஆண்டு பிறந்தார். இன்ன ஆண்டு இறந்தார். எங்களில் கணக்கு வேலை பார்த்தவன் நான்தானே. வயதை நான் கழித்துச் சொன்னேன். கடல் கடந்து வந்து இந்த உப்புக் காற்றில் சிறு வயதிலேயே மாண்டவர்களின் கணக்கு நெஞ்சை அழுத்தியது. ஓரிடத்தில் பெரியம்மா, “யார் பெற்ற பிள்ளையோ, யாருக்கும் தகவல் போய்ச் சேர எத்தனை மாதம் ஆயிற்றோ” என்றார். மகன்களும் மகள்களும் அயல்நாட்டில் இருக்கும் எங்கள் கூட்டத்தில் அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

“பத்மநாபருக்கு இங்கே கல் இருக்கிறதா?” என்று நான் கேட்டேன்.

“அவர் எப்படி இங்கே இருப்பார் தாத்தா? நாம்தான் எரித்துவிடுகிறோமே” என்றாள் பேத்தி. சற்று நேரம் கழித்து, “புத்தகத்தில் பெயர் இருக்கிறது. முகவுரையிலிருந்தே இருக்கிறது. அந்தப் போதகர் மறைக்கவில்லை” என்றாள்.

நம் ஊர்ப் பொருள் அங்கே பெயர் மாறிப் போவதும் உண்டு. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குச் சோழர் ஆனைமங்கலத்தைத் தானம் செய்த செப்பேடுகள் லெய்டன் செப்பேடுகள் என்றே அறிஞரிடையே பெயர் பெற்றுவிட்டன. பத்மநாபர் பெயர் பெயராகவே நின்றதில் எனக்கு ஒரு நிறைவு.

வெளியே வந்ததும் பேத்தி தயங்கி நின்றாள். “தாத்தா, காலையில் பார்த்த கோயிலில் சின்னச் சின்ன இராமாயணம் இருப்பதாகச் சொன்னீர்களே. இப்போது போய்ப் பார்க்கலாமா?”

எத்தனை ஆண்டுகள் காத்திருந்து வந்த கேள்வி! எனக்கு அந்தக் கணமே அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போய்விட வேண்டும் என்றிருந்தது. ஆனால் எல்லாரும் கல்லறைக்குள் போய் வந்த உடம்பு. நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

“இன்றைக்குக் கூடாது அம்மா” என்றார் அவர்.

“ஏன்?” என்றாள் அவள்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பெரியம்மா கோபிக்கவில்லை. அருகில் இருந்த திண்டில் உட்கார்ந்து அவளையும் உட்காரச் சொன்னார். இழவு வீட்டுக்குப் போய் வந்தால் ஏன் குளிக்கிறோம், குளிக்கும்வரை ஏன் எதையும் தொடுவதில்லை, துக்கத்துக்கு ஓர் எல்லை கட்டி அதற்கு அப்பால் மீண்டும் விளக்கேற்ற வரவேண்டும் என்று முன்னோர் எப்படி வகுத்தார்கள் என்று தமக்குத் தெரிந்தவரை சொன்னார். தம் கணவர் காலமான ஆண்டில் தாம் கோயிலுக்குப் போகாமல் இருந்ததையும், ஆண்டு முடிந்து முதல் நாள் வீரராகவரின் முன் நின்றபோது வந்த அழுகையையும் சொன்னார். பேத்தி இடையிடையே கேட்டாள். சிலவற்றை ஏற்றாள். சிலவற்றுக்கு, “இது எனக்குச் சரியென்று படவில்லை பாட்டி” என்றாள். “படாவிட்டால் போகட்டும். கேட்டாயே, அது போதும்” என்றார் பெரியம்மா.

மரைக்காயர் வீட்டுப் பெண்கள் பின்னிய பனையோலைப் பெட்டிகளை ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு வண்டி ஏறினோம். வரும் நவராத்திரிக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க உதவும். ஓலைப்பெட்டியின் பச்சை வாசனை வண்டி முழுதும் பரவியது.

பொன்னேரி தாண்டியபோது இருட்டிவிட்டது. பலரும் உறங்கிவிட்டார்கள். பேத்தி என் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தாள். நான் அவள் கேட்பதற்குக் காத்திருக்கவில்லை. சாலிஹோத்திர மகரிஷி ஓராண்டு உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று அரிசி மாவைப் பெருமாளுக்குப் படைத்துவிட்டு அதிதிக்காகக் காத்திருந்ததையும், முதியவராக வந்த எம்பெருமான் ஒரு பகுதியை உண்டு, பசி அடங்கவில்லை என்று முனிவரின் பங்கையும் கேட்டு உண்டதையும், உண்ட களைப்புத் தீரப் படுக்க இடம் எவ்வுள் என்று வினவியதையும், முனிவர் தம் சொந்தக் குடிசையைக் காட்டியதையும், வந்தவர் அங்கேயே பள்ளிகொண்டு திருஎவ்வுள் என்று ஊருக்கே பெயராகிவிட்டதையும் சொன்னேன். “அவருக்கு உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கவில்லை. பசியாறிப் படுத்திருக்கிறார்” என்றேன்.

அவள் சிரித்தாள். “நான் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா?”

“இருக்கிறது. வெல்லத்தைப் பற்றிக் கேட்டதும் இருக்கிறது” என்றேன்.

அதையும் சொன்னேன். நோயுற்றவர்கள் அந்த நீரில் வெல்லத்தை இட்டு, அது கரைவதுபோல் தங்கள் பிணியும் கரைய வேண்டும் என்று வைத்திய வீரராகவரை வேண்டிக்கொள்வதைச் சொன்னேன். கரையுமா என்று கேட்டாள். என் அன்னைக்குக் கரைந்தது, என் அண்ணனுக்குக் கரையவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பெரியபாளையம் தாண்டியும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து, அந்தக் குளிரில் எல்லாரும் தலைக்கு நீராடினோம்.

மறுநாள் விடியற்காலை நான் திருப்பாவைக்குப் புறப்பட்டபோது, அவள் எனக்கு முன்பே வாசலில் நின்றாள். சேவை முடிந்து, பனி விலகாத குளக்கரைக்கு வந்தோம். கடைக்காரம்மாள் அப்போதுதான் தட்டில் வெல்லக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு என்ன பிணி, யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பேத்தி குனிந்து ஒரு கட்டியைக் கையில் எடுத்து, விலை என்ன என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள்.